ஒரு வரி விட்டால்…



கடலடியில் கிடக்கும் பாறை மாலுமிக்கு எப்படித் தெரியும்? வரைபடம் சொல்லும். அதை வரைவதற்கென்றே 1968-இல் புல்டாக், பீகிள், ஃபாக்ஸ், ஃபான் என நான்கு கரையோர அளவைக் கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தன. நீளம் சுமார் 60 மீட்டர். இரண்டிரண்டாகச் சேர்ந்து வேலை செய்யும்படி வடிவமைத்தார்கள். ஆழம் குறைந்த இடத்துக்குச் சிறு படகு போகும்.

கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். கப்பல் அனுப்பிய ஒலி தரையில் மோதி 0.1 நொடியில் திரும்பினால், போய்வந்த தூரம் 150 மீட்டர், ஆழம் 75. நம்ம பள்ளிக்கூடத்துக் கணக்குதான்!

தோட்டத்தில் நிரை பிடித்து மரம் வெட்டுவதுபோல, கடலையும் வரிவரியாக அளக்க வேண்டும். இங்கே ஒரு நிரை விட்டால் பால் நட்டம். அங்கே ஒரு வரி விட்டால் உயிர் நட்டம்.

பிள்ளைகளே, யாரும் பார்க்காத வேலையையும் ஒழுங்காச் செய்யுங்க.