நாட்டுப்புறப் பாட்டுக்குக் கச்சேரியில எந்த இடம்? பார்டோக் முதல் காவடிச்சிந்து வரை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு நாம விழுப்புரம் பக்கத்துல ஆரம்பிச்சு, ஹங்கேரி போயிட்டு, நம்ம ஊர் சபா கச்சேரிக்குத் திரும்பி வரப்போறோம்.

விழுப்புரத்துல இருந்து செஞ்சி போற வழியில மண்டகப்பட்டுன்னு ஒரு ஊர். அங்க முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைஞ்சு எடுத்த கோயில் இருக்கு. அதுல இருக்கிற சம்ஸ்கிருதக் கல்வெட்டு சொல்ற விஷயம் இதுதான்: செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாம, பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது. விசித்திரசித்தன்கிறது மகேந்திரவர்மனோட பட்டப்பெயர்.

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. "இதெல்லாம் இல்லாம கட்டினேன்"னு அவர் பெருமையா சொல்றதால, அதுக்கு முன்னாடி கோயில்களை எதை வச்சுக் கட்டினாங்கன்னு நமக்குத் தெரியுது. அந்த மரமும் செங்கலும் அழிஞ்சு போச்சு. கல் நின்னுச்சு, ராஜா பேரும் நின்னுச்சு. உளி பிடிச்சவங்க பேரு அந்தக் கல்வெட்டுல இல்ல.

இசையிலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். வாய்ப்பாட்டா இருந்தது கரைஞ்சு போகும். அதை எடுத்து ஒருத்தர் எழுதி வச்சா, அது நிக்கும், எழுதினவர் பேரோட. இதை நல்லாப் புரிஞ்சுக்க ஹங்கேரி ஒரு அருமையான உதாரணம்.

முதல்ல, சேம்பர் மியூசிக்னா என்ன? பெரிய ஆர்கெஸ்ட்ரா இல்லாம, ஒரு அறைக்குள்ள நாலஞ்சு பேர் உட்கார்ந்து வாசிக்கிறது. ஹைடன் 1795-ல ஒரு பியானோ ட்ரியோ எழுதினார். அதோட கடைசிப் பகுதி "ஹங்கேரி பாணி". பிராம்ஸ் 1861-ல ஒரு பியானோ குவார்டெட் முடிச்சார். அதுலயும் கடைசிப் பகுதிதான் ஹங்கேரி நாடோடிகள் பாணி. கவனிச்சீங்களா? கனமான விஷயம் எல்லாம் முதல்ல. ஹங்கேரி கடைசியில, ஆட்டம் போட்டு முடிக்கிறதுக்கு. அதுவும் கிராமத்துப் பாட்டு இல்ல. ரோமா இசைக்கலைஞர்கள் நகரங்கள்ல வாசிச்ச பாணி அது. ஐரோப்பா அதையே ஹங்கேரியோட நாட்டுப்புற இசைன்னு நம்பிட்டு இருந்துச்சு.

1904-ல பேலா பார்டோக், லிடி டோஷான்னு ஒரு பொண்ணு வீட்டு வேலை செஞ்சுக்கிட்டே பாடினதைக் கேட்டார். இருபத்தி மூணு வயசு அவருக்கு. இது வேற மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. அடுத்த சில வருஷத்துல அவரும் நண்பர் ஸோல்டான் கோடாயும் எடிசன் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. மெழுகு உருளையில பாட்டைப் பதிவு பண்ணாங்க. யார் பாடினது, எந்த ஊர்னு குறிச்சும் வச்சாங்க. கிடைச்ச பழைய பாட்டுகள்ல பல அஞ்சே ஸ்வரத்துல ஓடுற மெட்டு. நம்ம மோகனம் மாதிரி அஞ்சு ஸ்வரம், ஆனா ஸ்வரங்கள் வேற.

அப்புறம் அவர் பண்ணினதுதான் முக்கியம். பின்னாடி ஒரு கட்டுரையில மூணு வழி சொல்றார். ஒண்ணு, மெட்டை அப்படியே எடுத்துத் துணை இசை சேர்க்கிறது. ரெண்டு, அந்த மாதிரியே புதுசா ஒரு மெட்டு போடுறது. மூணு, மெட்டே இல்லாம, அந்த இசையோட சுபாவத்தைத் தாய்மொழி மாதிரி உள்ள வாங்கிக்கிட்டு எழுதுறது.

மூணாவது வழிக்கு அவரோட ஆறு ஸ்ட்ரிங் குவார்டெட்டுகளைக் கேட்கணும். ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அவ்வளவுதான். 1934-ல எழுதின அஞ்சாவது குவார்டெட்ல மொத்தம் அஞ்சு பகுதி. சரியா நடுவுல இருக்கிற மூணாவது பகுதி, பல்கேரிய கிராமத்துத் தாளம். நாலு, ரெண்டு, மூணுன்னு கூட்டி ஒன்பது எண்ணிக்கை. நம்ம ஊர்ல சங்கீர்ணம்னு சொல்ற அதே ஒன்பது! பிராம்ஸ் கடைசியில வச்ச நாட்டுப்புறம், பார்டோக் கையில நடுவுக்கு வந்துடுச்சு.

இப்ப நம்ம கச்சேரிக்கு வாங்க. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடக்கிறவங்களோட சிந்து நடையில பாட்டு எழுதினார். 1891-ல ரொம்பச் சின்ன வயசுல இறந்துட்டார். அவரோட காவடிச்சிந்து இன்னைக்கும் சபாவுல ஒலிக்குது. எங்க? பெரும்பாலும் கடைசியில, துக்கடாவா.

ஆனா நாட்டுப்புறம் கர்நாடக இசைக்குள்ள ஆழமாவும் இருக்கு. செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி எல்லாம் நாட்டுப்புற மெட்டுல இருந்து வந்ததா இசை அறிஞர்கள் சொல்ற ராகங்கள். (செஞ்சுருட்டியில செஞ்சி இருக்கேன்னு ஊரோட முடிச்சுப் போட்டுடாதீங்க!) ஒரு அடையாளம் சொல்றேன். இந்த ராகங்கள் மேல் ஸ்தாயிக்குப் போறதில்ல. நிஷாதத்தோட, இல்ல தைவதத்தோட நின்னுடும். எல்லாரும் சேர்ந்து பாடக்கூடிய எல்லை அது. இந்தப் பாட்டு வரும்போது பல வித்வான்கள் மத்யம சுருதிக்கு மாறுறதும் அதனாலதான், குறுகின எல்லைக்குள்ள குரலுக்கு எடுப்பா இருக்கும்.

சினிமாப் பக்கம் பார்டோக்கோட பாதையைத் தலைகீழாப் போட்டவர் இளையராஜா. பார்டோக் நகரத்துல இருந்து கிராமத்துக்குப் போனார். இவர் பண்ணைப்புரத்துல பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோட மேடை மேடையாப் பாடிட்டு, அப்புறம் சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை படிச்சார். 1976-ல 'அன்னக்கிளி'. கிராமத்து மெட்டைப் படத்தோட ஓரத்துல வைக்காம, படத்தையே அதுமேல நிறுத்தினார். பத்து வருஷம் கழிச்சு 'ஹௌ டு நேம் இட்?', தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்து ஒரு வணக்கம். அதுல முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன். பின்னாடி அவரே மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டை உருவாக்கி, கர்நாடகக் கீர்த்தனைகளை அந்த நாலு வாத்தியத்துக்குக் கொண்டு வந்தார்.

அடுத்த அடி என்ன? மண்டகப்பட்டு இருக்கிற அதே செஞ்சி வட்டாரத்துல, திரௌபதி அம்மன் திருவிழாவுல ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து நடக்கும். முகவீணை, ஹார்மோனியம், மிருதங்கம், கைத்தாளம். விடிய விடியப் பாடுற அந்தக் குரல்களை நாம "கலை"ன்னு பாராட்டுவோம், "சங்கீதம்"னு சொல்லத் தயங்குவோம். துக்கடாங்கிற இடம் வெறும் வரிசை இல்ல. எதுக்கு ஆலாபனை, எதுக்கு நிரவல், யாருக்கு எவ்வளவு நேரம், யார் பேர் அழைப்பிதழ்ல வரும்கிறதை அதுதான் முடிவு பண்ணுது.

அதனால இந்த வாரம் மூணு விஷயம் கேளுங்க. பார்டோக்கோட அஞ்சாவது குவார்டெட், மூணாவது பகுதி. கையில ஒன்பது எண்ணிக்கிட்டே. அடுத்து ஏதாவது ஒரு காவடிச்சிந்து; உட்காராம நடந்துக்கிட்டே கேளுங்க, அது நடக்கிறவங்களுக்காக எழுதினது. மூணாவது, உங்க ஊர்ப் பக்கம் கூத்து நடந்தா நேர்ல போய் ஒரு ராத்திரி உட்காருங்க. பாடினவர் பேரைக் கேட்டு வச்சுக்கிட்டு வந்து எங்களுக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.