உடம்பு எப்படி இருக்கிறது?

(கீரமங்கலத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நம் ஜனங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்." எழுந்து நடமாடினால் சுகம், படுத்துவிட்டால் நோய். இது கூலி கொடுப்பவன் போட்ட கணக்கு. உழவு மாட்டையும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

1948-ல் அமலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனம் வேறு கணக்குச் சொல்லிற்று. நோயில்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியமல்ல. உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் சேர்ந்து நன்றாயிருக்க வேண்டும் என்றது. பெரிய வார்த்தைகள் என்று மலைக்க வேண்டாம். நம் ஜில்லாவிலேயே பார்ப்போம்.

பஞ்சாலைத் தோழர்களைக் கேட்கிறேன். வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுகிறதா? அது பஞ்சுத் தூசியின் வேலை. ஆரம்பத்தில் அந்த ஒரு நாளோடு போகும். வருஷங்கள் ஆக ஆக வாரம் முழுவதும் மூச்சு முட்டும். பிறகு வேலையை விட்டாலும் விடாது. "பீடியால் வந்தது" என்பார் மேஸ்திரி. பீடி அதை மோசமாக்கும், மறுக்கவில்லை. ஆனால் பீடிக்கு ஞாயிறு, திங்கள் தெரியுமா? டாக்டரிடம் "இருமல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்தப் பகுதியில் வேலை, எத்தனை வருஷம், எந்த நாளில் இறுக்கம் என்று சொல்லுங்கள். இது சட்டமே ஒப்புக்கொண்ட தொழில் நோய்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. தென்னை காய்க்க வருஷக்கணக்கு வேண்டும். சாய ஒரு ராத்திரி போதும் என்று கண்டோம். தோப்பை நம்பிய கூலிக்காரனுக்கும் அன்றோடு வேலை போயிற்று. தூக்கமில்லாமல், சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவனைக் கோழை என்பதும், காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடிப்பதும் தவறு. மனதுக்கும் நோய் வரும், அதற்கும் வைத்தியம் உண்டு. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம். கடன்காரன் வாசலில் நிற்பதை அந்தப் போன் தீர்க்காது; அதற்கு நாம்தான் சேர்ந்து நிற்க வேண்டும்.

இனி வேங்கைவயல். 2022 டிசம்பரில் அங்கே குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். தண்ணீரில் சந்தேகம் வந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம்! வழக்கு யார்மீது என்பது இன்றைய பேச்சல்ல. விசாரிக்க வந்த கலெக்டர் அங்கே டீக்கடையில் இரட்டைக் கிளாஸையும் கண்டார். கோயிலுக்குள் விடப்படாதிருந்த அந்த ஜனங்களை உள்ளே அழைத்துச் சென்றார். தொட்டி, கிளாஸ், கோயில் மூன்றிலும் ஒரே நோய்தான் இருந்தது. வயிற்றுப்போக்கு மாத்திரையில் நிற்கும். தண்ணீரை வாயருகே கொண்டுபோகும்போது வரும் அருவருப்புக்கு எந்தக் கடையில் மாத்திரை விற்கிறான்?

இதே ஜில்லாவில்தான் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசினார்கள், மிதித்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் புருஷன் வரட்டும், பஸ் வரட்டும் என்று காத்துக் கிடந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்தது. டாக்டர்கள் இதை மருந்துச் சீட்டில் எழுதமாட்டார்கள்!

இந்த வாரமே ஒவ்வொரு கிளையும் தன் ஊர்க் குடிநீர்த் தொட்டியைப் போய்ப் பாருங்கள். மூடி இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா, கழுவிய தேதி எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் தனித்தனித் தொட்டி இருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள்.