குழாயின் நீளமும் எஞ்சினின் வலுவும்



"சைலன்சரை மாத்திடுங்க சார், வண்டி பறக்கும்!" கார் வைத்திருப்பவர்கள் பலர் கேட்டிருக்கக்கூடிய யோசனை இது. புகை வெளியே போகிற குழாய்க்கும் எஞ்சினின் வலுவுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. ஆனால் அது நாம் நினைக்கிற மாதிரி இல்லை.

கார் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை என்ற கணக்கில், ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 தடவை புகையைக் கக்குகிறது. புகைக்கு வழிவிடும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது உள்ளே அழுத்தம் இன்னும் அடங்கியிருக்காது. புகை வெடித்துக்கொண்டுதான் வெளியேறும். அந்த வேகத்தில் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. புகையைவிட வேகமாக, நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலே ஓடுகிற அலை அது.

குழாய் முடிகிற இடத்திலோ, பல குழாய்கள் கூடும் இடத்திலோ அந்த அலை திரும்புகிறது. போகும்போது தள்ளுகிற அலையாகப் போனது, வரும்போது உறிஞ்சுகிற அலையாக வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகிற, காற்று வரும் வால்வு திறக்கத் தொடங்கிய அந்தச் சிறு இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்து வெளியே போட்டு, புதுக் காற்றையும் உள்ளே வரவழைத்துவிடும். காற்று கூடினால் அதிக எரிபொருளை எரிக்கலாம், வலுவும் கூடும். நேரம் தவறி வந்தால் அந்த உதவி கிடைக்காது. பக்கத்து சிலிண்டரின் தள்ளும் அலை அந்நேரம் வந்து புகையை உள்ளே திருப்பிவிடவும் கூடும்.

அலை எப்போது திரும்பும் என்பதைக் குழாயின் நீளம் முடிவு செய்கிறது. நாகஸ்வரத்தில் குட்டையான திமிரிக்கு மேல் சுருதி, நீளமான பாரிக்குக் கீழ்ச் சுருதி. எக்ஸாஸ்ட் குழாயும் அப்படியே. குட்டைக் குழாய் அதிக சுற்றில் கைகொடுக்கும். நீளக் குழாய் குறைந்த சுற்றில் இழுவை தரும். இரண்டையும் ஒரே குழாயில் முழுமையாகப் பெற முடியாது.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலும் 1, 3, 4, 2 என்ற வரிசையில்தான் சிலிண்டர்கள் எரியும். அதனால் ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடியாகவும், இரண்டையும் மூன்றையும் மற்றொரு ஜோடியாகவும் சேர்த்து, பிறகு ஒரே குழாயாக்குவது ஒரு முறை. ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் வேலையைக் கெடுக்காது. நடுத்தர வேகத்தில் பிக்-அப் நன்றாக இருக்கும். நான்கையும் ஒரே இடத்தில் சேர்ப்பது அடுத்த முறை. அது உச்ச வேகத்தைத் தேடும் பந்தயக் கார்களுக்கு ஏற்றது.

இந்த அலையை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன். எம்.இசட். நிறுவனத்தில் டூ-ஸ்ட்ரோக் பந்தய மோட்டார் சைக்கிள்களை மேம்படுத்திய பொறியாளர். இத்தகைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வழியை மூட வால்வு கிடையாது. பெட்ரோல் கலந்த புதுக் காற்றில் கொஞ்சம் புகையோடு தப்பிப் போய்விடும். வயிறு பெருத்து, பிறகு குறுகும் குழாயை அவர் மெருகேற்றினார். விரிகிற பகுதி புகையை உறிஞ்சும். குறுகுகிற பகுதி, தப்பிய கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தொட்டது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு! அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்கு நாடுகளுக்குத் தப்பி, காடனின் நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்தார். 1962இல் சுசுகிக்கு 50 சி.சி. உலகப் பட்டம் கிடைத்தது. ஆனால் இந்த வகைக் குழாய் தந்த வலுவுக்கு ஒரு விலை இருந்தது: குறிப்பிட்ட சில ஆயிரம் சுற்றுக்குள்தான் அது வெளிப்படும். அதற்குக் கீழே வந்தால் எஞ்சின் சோர்ந்துவிடும்.

சரி, குழாயை அகலமாக்கிவிட்டால்? அளவுக்கு மீறி அகலமானால் புகையின் ஓட்டம் மந்தமாகி, கீழ் கியரில் இழுவை குறையும். இதைப் பார்த்துத்தான் "கொஞ்சம் பேக் பிரஷர் இருக்கணும்" என்று சொல்கிறார்கள். உண்மையில் புகையை மறிக்கும் அந்த எதிரழுத்தம் எஞ்சினுக்கு எந்நாளும் நஷ்டமே. தேவைப்படுவது ஓட்டத்தின் வேகம்.

ஆகவே கடைசியில் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். எஞ்சினை ஒட்டிய குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டு, வால்வு திறக்கும் நேரம், எரிபொருளின் அளவு மூன்றும் ஒத்துப்போனால்தான் பலன் பெரிதாக வரும். வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கிறதா, குழாய் எங்காவது நசுங்கியோ கசிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலும் புதுக் குழாய் விற்க யாராவது வந்தால், ஒரே ஒரு கேள்வி போதும்: "எத்தனை ஆர்.பி.எம்.மில் வலு கூடும்?" ஊருக்குள் நீங்கள் ஓட்டுகிற சுற்று அவர் சொல்கிற எண்ணுக்குள் வராவிட்டால், காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.