கோடை வெயிலிற் கொழும்பு வீட்டுத்தோட்டம்



கொழும்பு மாநகரின் தென்பால் இருப்பது வெள்ளவத்தை; வடபால் இருப்பது கொட்டாஞ்சேனை. தமிழர் செறிந்து வாழும் இவ்விரு பகுதிகளின் பெயர்களையும் சற்று ஊன்றிக் கேளுங்கள். ‘வெல்ல’ என்னும் சிங்களச் சொல் மணற்கரையையும், ‘வத்த’ என்பது தோட்டத்தையும் குறிக்கும். ‘சேனை’ என்பது காடு வெட்டி எரித்துப் பயிரிடும் நிலத்துக்கு இந்நாட்டில் வழங்கும் பெயர். ஊர்ப் பெயர்களுக்கு வேறு விளக்கம் கூறுவோரும் உளர். எனினும், இன்று தொடர்மாடிகளும் கடைத்தெருக்களுமாய் நெருங்கிக் கிடக்கும் இவ்விடங்களின் பெயரிலே பயிர்த்தொழிலின் நினைவு தங்கியிருப்பது கேட்பதற்கு இனிமையான செய்தியன்றோ?

பெயரிலே மட்டும் தங்கியிருந்த அந்நினைவு 2022ஆம் ஆண்டில் வயிற்றிலும் உறைத்தது. அவ்வாண்டு செத்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பண்டங்களின் விலை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 95 சதவீதம் உயர்ந்திருந்தது. எரிபொருளுக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தமையால், யூன் மாதத்தில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென 3 மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை இணங்கியது. அந்நாளில் முற்றத்து மூலையிலும், மாடி விறாந்தையிலும், மதிலோரத்திலும் மிளகாயும் கத்தரியும் பசளியும் முளைத்தன. அப்படி வைத்த சாடிகளிற் பல இன்று வெறும் மண்ணோடு கிடக்கின்றன. நட்டவர்க்கு ஆர்வம் குறைந்தமை மட்டும் இதற்குக் காரணமன்று. நட்ட பயிரை மாசி முதற் சித்திரை வரையுள்ள வெயிலிற் காப்பது எவ்வாறு என்பது பலர்க்குத் தெரியாது போயிற்று. அதைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

முதலிற் கொழும்பின் கோடையை அறிந்துகொள்ள வேண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று நம் முன்னோர் சொன்னது தமிழகத்தின் பருவத்தை நோக்கியது. கத்திரி வெயில் என்று அங்கே அஞ்சப்படும் வைகாசி நடுப்பகுதி, இங்கே தென்மேற் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் காலம். கொழும்பில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. ஆயினும் தை, மாசி மாதங்கள் மிக வறண்டவை. அப்போது வானம் பளிச்சென்றிருக்கும், பகற்காற்று உலர்ந்திருக்கும். அடுத்து வரும் பங்குனி, சித்திரையில் வெப்பம் உச்சத்துக்கு ஏறும். நாம் பூமத்தியரேகைக்கு வடக்கே 7 பாகை அளவில் வாழ்வதால், ஏப்பிரல் மாத முற்பகுதியில் நண்பகற் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கின்றது. நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஆனால் அம்மாதத்திலேயே பிற்பகலில் இடி முழங்கி மழையும் கொட்டும்.

ஆகவே நம் கோடை இரு முகங்கள் உடையது. தை மாசியில் நீரின்மை பயிரைக் கொல்லும். சித்திரையில் வெப்பமும், சில நாட்களில் மிகுந்த நீரும் சேர்ந்து கொல்லும். வெயில் எரிக்கின்றதென்று எண்ணி, முந்திய மாலை மழையில் நனைந்த சாடிக்குக் காலையில் மீண்டும் நீர் வார்த்தால் வேர் அழுகிவிடும். நண்பகலில் இலை சோர்ந்து தொங்குவதைக் கண்டவுடன் வாளியைத் தூக்க வேண்டியதில்லை. வேர் உறிஞ்சும் நீரினும் இலை ஆவியாக்கும் நீர் மிகும்போது செடி அவ்வாறு சோர்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும். மாலையில் தானே நிமிரும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு நுழைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் நீர் வேண்டாம். உலர்ந்திருந்தால் நீர் வேண்டும். இதனினும் நம்பத்தக்க கருவி வேறில்லை.

நீர் வார்க்கத் தகுந்த வேளை காலை 8 மணிக்கு முற்பட்டது. கொழும்பின் காற்று இயல்பாகவே ஈரம் மிகுந்தது. இரவு முழுதும் இலை நனைந்திருந்தாற் பூஞ்சண நோய் எளிதிற் பற்றும். மாலையில் வார்க்க நேர்ந்தால், இலையில் தெளிக்காது அடியில் மட்டும் வாருங்கள். நிலத்தில் நிற்கும் செடிக்கு நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஆழ நனையும்படி வார்ப்பது நன்று. மேற்பரப்பில் மட்டும் ஈரம் கண்ட வேர் மேலேயே படரும். மேல்மண் சுடும்போது முதலில் வாடும். ஆழத்தில் ஈரம் கண்ட வேரோ கீழே இறங்கும். சாடியிலுள்ள செடிக்கு இவ்வசதி இல்லை. அதற்கு அநேகமாக நாள்தோறும் நீர் வேண்டும்.

மணற்கரைத் தோட்டம் என்ற பெயரை நினைவிற் கொள்ளுங்கள். மணற்பாங்கான மண் நீரை விரைவிற் குடித்து விரைவில் விட்டுவிடும். அதற்கு மருந்து இரண்டு: ஒன்று கூட்டெரு; மற்றொன்று மூடுபடை. சமையலறைக் கழிவையும் சருகையும் மக்கவைத்துப் பெறும் கூட்டெரு, மணலுக்கு நீரைப் பிடித்துவைக்கும் வலிமை தருகின்றது. மூடுபடை என்பது மண்ணின்மேற் பரப்பும் போர்வை. காய்ந்த இலை, வைக்கோல், தென்னோலைத் துண்டு எதுவாயினும் ஆகும். இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுவிட வேண்டும். தண்டோடு சேர்த்து மூடினால் அழுகலும் கறையானும் வரும்.

இதனைப் பாடசாலை மாணவர் எவரும் சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவான இரு சாடிகளில் ஒரே மண்ணை இட்டு, ஒரே அளவு நீர் வார்த்து, ஒன்றை மூடியும் மற்றதைத் திறந்தும் வெயிலில் வைக்கட்டும். நாள்தோறும் தராசில் நிறுத்து எழுதட்டும். எது விரைவில் எடை குறைகின்றதென்று தராசே சொல்லிவிடும். புத்தகத்திற் படிக்கும் ஆவியாதல் அன்றுதான் பிள்ளைக்கு உண்மையாகும்.

நம் நாட்டுக்கென்றே அமைந்த மற்றொரு துணை தேங்காய்ப் பொச்சுமட்டை. அது தன் எடையிற் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். தென்னையைச் சுற்றிக் குழி தோண்டி, மட்டையின் உட்குழிவு மேலே நோக்கும்படி அடுக்கிப் புதைப்பது தென்னைச் செய்கையாளர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் முறை. அதையே சிறிய அளவில் மாவுக்கும் முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் செய்யலாம். சாடியின் அடியிலும் ஒரு துண்டு வைக்கலாம். தும்புத் தூள் வாங்கிச் சேர்ப்போர் முதலில் நன்னீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்துகொள்க. அதில் உப்பு இருத்தல் கூடும்.

உப்பு என்றவுடன் வெள்ளவத்தைக் கிணறுகள் நினைவுக்கு வருகின்றன. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. ஒல்லாந்தரான கைபன், ஜேர்மானியரான ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஓரடி தாழ்ந்தால், கீழேயுள்ள உவர்நீரின் எல்லை ஏறக்குறைய 40 அடி மேலெழ முனையும். மழையற்ற மாசியில் மின்பம்பியை இட்டு நீண்ட நேரம் இறைத்தால் கிணறு உவர்ப்பது இதனாலேதான். இலையின் ஓரம் கருகுவது உப்பின் அடையாளம். அந்நீரைத் தென்னை தாங்கும். பயிற்றையும் மிளகாயும் தாங்கா. உவர்ப்புத் தட்டினால் இறைப்பைக் குறைத்து, குழாய்நீரையோ சேமித்த மழைநீரையோ கலந்து வாருங்கள்.

குழாய்நீர்க்கும் எல்லை உண்டு. நகரின் நீரிற் பெரும்பகுதி களனி கங்கையின் அம்பத்தளையிலும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் இருந்து வருகின்றது. கடும் வறட்சியில் ஆற்றின் ஓட்டம் குறையும்போது கடல்நீர் ஆற்றின் வழியே மேலேறி வருவதும், அதைத் தடுக்க அணை இடவேண்டி நேர்வதும் இந்நகரம் கண்ட செய்திகள். அத்தகைய நாளில் ஒருவர் ரப்பர்க் குழாயைத் திறந்துவிட்டுப் புற்றரை நனைத்தால், அதே ஒழுங்கையின் மேட்டு வீட்டில் ஒரு தாய் குடத்தோடு காத்திருப்பாள். தோட்டக்காரனின் நீர் அயலவனின் குடிநீரிலிருந்து வரக்கூடாது.

இதற்கு வழி நம்மவர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து வளவுகளில் வாழை கிணற்றடியில் நிற்கும்; குளித்த நீரும் கால் கழுவிய நீரும் வாய்க்கால் வழியே அதன் அடிக்குச் செல்லும். அதே அறிவை நகரத்து வீட்டுக்கும் கொண்டுவரலாம். அரிசி கழுவிய நீர், மரக்கறி அலசிய நீர், குளிரூட்டி சொட்டும் நீர் ஆகியவை எச்செடிக்கும் உதவும். சவர்க்கார நீரை வாழை போன்ற பெரிய பயிர்க்கு விடலாம். பச்சையாய் உண்ணும் கீரைக்கு விடற்க. வெளுக்கும் மருந்து கலந்த நீர் எதற்கும் ஆகாது.

கொட்டாஞ்சேனையில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. நிலம் இல்லையே என்பது அங்குள்ளோர் குறை. அங்கே பயிர்க்குப் பகை வானத்து வெயில் மட்டுமன்று. சீமெந்துத் தரையும் மதிலும் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவிலும் கக்குகின்றன. ஆதலாற் சாடியைத் தரையில் நேரே வைக்காது, இரண்டு செங்கற்களின்மேல் ஏற்றி வையுங்கள். கறுத்தப் பொலித்தீன் பை வெயிலில் வேரை அவித்துவிடும். அதைச் சாக்கினாற் சுற்றலாம். மண்சாடி குளிர்ச்சியானது, ஆனால் அதன் பக்கங்கள் வழியேயும் நீர் ஆவியாவதால் விரைவில் உலரும். சாடிகளை நெருக்கி வைத்தால் ஒன்றன் நிழல் மற்றொன்றுக்கு உதவும். மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகோ நிழல்வலையோ கட்டினாற் பிற்பகல் வெயில் தணியும். மொட்டைமாடியில் வைப்போர் பாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு லீற்றர் நீரே ஒரு கிலோகிராம்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடுகின்றது. முட்டை முதல் பறக்கும் நுளம்பு வரை ஏறக்குறைய ஒரு வாரமே செல்லும். சாடியின் கீழ்த்தட்டு, மூடாத வாளி, மழைநீர்ப் பீப்பா, ஒதுக்கிய சிரட்டை ஆகிய யாவும் அதற்கு ஈற்றில்லங்கள். கீழ்த்தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. அதன் சுவரில் ஒட்டிய முட்டை உலர்ந்தும் பல மாதம் உயிர்வாழும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். பீப்பாவை வலையால் இறுக மூடுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடமளிப்பது குற்றமுமாகும். சட்டத்துக்கு அஞ்சுவதினும், அடுத்த வீட்டுக் குழந்தையை எண்ணுவது மேல்.

எதை நடுவது என்பதிலும் விவேகம் வேண்டும். கோவாவும் கரட்டும் லீக்சும் நுவரெலியாக் குளிர்க்கு உரியவை. வெண்டி, பயிற்றை, கத்தரி, பசளி, முருங்கை ஆகியவை வெயிலைத் தாங்கும். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரமும் அரைநிழலும் கிடைத்தால் தழைக்கும். தக்காளி பூத்துப் பூத்து உதிர்கின்றதே என்று வருந்துவோர் பலர். இரவு வெப்பம் 21 பாகைக்கு மேல் நீடித்தால் அதிற் காய் பிடிப்பது குறையும். கொழும்பின் சித்திரை இரவுகளோ அவ்வளவுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே அச்செடியைப் பிடுங்கி எறியாது, அரைநிழலில் வைத்துப் பொறுத்திருங்கள். வெயில் உச்சத்தில் யூரியா போன்ற உரத்தை மிகுதியாக இடுவதும், செடியைக் கடுமையாய் வெட்டுவதும், நண்பகலில் நாற்றுப் பெயர்த்து நடுவதும் தவிர்க்கற்பாலன. உலர்ந்த நாட்களில் இலையின் கீழ்ப்புறத்திற் சிற்றுண்ணியும் வெண்ணிற ஈயும் ஒட்டும். அவற்றைக் காலையில் நீர்த்தாரையால் அடித்துக் கழுவினாலே பெரும்பகுதி நீங்கும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு நம்மவர் பலர் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் சென்று பத்து நாள் தங்குவர். ஆண்டின் மிகக் கடுமையான வெயிலில், வீடு பூட்டிக் கிடக்கும். சாடிகளையெல்லாம் நிழலான ஓரிடத்திற் கூட்டி வையுங்கள். மெழுகு பூசாத சிறு மண்முட்டியைப் பெரிய சாடியிற் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், அதன் நுண்துளைகள் வழியே நீர் மெல்ல மெல்லக் கசியும். ஒரு சட்டி நீரிலிருந்து சாடி மண்ணுக்குப் பருத்தித் துணித்திரி இடுவதும் பயன் தரும். அச்சட்டியையும் மூடுதல் வேண்டும். யாவற்றினும் சிறந்தது, திறப்பை அயலவரிடம் கொடுத்துச் செல்வது. அவர் எம்மொழி பேசுபவராயினும், எச்சமயத்தவராயினும், வாடும் செடிக்கு நீர் வார்க்க மறுக்கமாட்டார். திரும்பி வரும்போது ஊர்ப் பலகாரம் ஒரு பொதி கொண்டுவந்தால் அந்த உறவு மறு ஆண்டும் தழைக்கும்.

தோட்டக்காரரும் தம் உடலை மறத்தலாகாது. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெயிலில் நின்று வேலை செய்யாதீர்கள். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாளில், முதியோர் சாடியைத் தூக்காது நிழலில் அமர்ந்து நாற்றுப் பார்த்தாற் போதும்.

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. நம் பயிர்கள் அத்தனை பெரிய ஈகையை நம்மிடம் கேட்கவில்லை. காலையில் ஒரு செம்பு நீர், வேரின்மேல் ஒரு பிடி சருகு, மேற்கே ஒரு கிடுகு, வாரம் ஒருமுறை கழுவிய தட்டு இவ்வளவே அவை கேட்பன. இவற்றை அளித்தால், வைகாசியில் தென்மேற் காற்று மழையோடு வரும்போது உங்கள் முற்றத்தில் அதனை வரவேற்கப் பசுமை மிஞ்சியிருக்கும். விலை ஏறும் நாளிற் கறிக்கு ஒரு பிடி கீரையும் இருக்கும்.