உபாத்தியாயர் பார்லிமெண்டுக்குப் போன கதை



ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் மாக்ஸ்டன் என்று ஓர் உபாத்தியாயர் இருந்தார். 1885-ல் பிறந்தவர். தாயும் தகப்பனும்கூட உபாத்தியாயர்களே. அவரைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல நாம் விரும்புகிறோம்.

ஒரு நாள் அவர் தம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்தி, குதிகாலும் முழங்காலும் ஒட்டும்படி நேரே நில்லுங்கள் என்றார். பாதிப் பிள்ளைகளுக்குமேல் நிற்க முடியவில்லை. ஏன்? கால் எலும்பு வளைந்துவிட்டது. இதைக் கர்மபலன் என்பதா, ஆண்டவன் சோதனை என்பதா? மெல்லன்பி என்ற ஆங்கில டாக்டர் நாய்க்குட்டிகளை வைத்துச் சோதித்து, இந்நோய் உணவுக் குறையால் வருவது, மீனெண்ணெய் கொடுத்தால் வராது என்று 1919-ல் காட்டிவிட்டார். பாலுமில்லாமல், வெயிலும் படாத ஒற்றையறைச் சந்து வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கால் வளையாமல் வேறென்ன செய்யும்?

நம் உபாத்தியாயர் பாடத்தோடு நிற்கவில்லை. தெருக்கூட்டங்களில் பேசினார். 1916-ல், யுத்த காலத்தில், தொழிலாளர் தலைவர்களைச் சர்க்கார் ஊர்கடத்தியபோது, வேலையை நிறுத்துங்கள் என்று மைதானத்தில் பேசியதற்காக 12 மாதம் ஜெயில். உபாத்தியாயர் வேலையும் போயிற்று. வெளியே வந்து கப்பல் பட்டறையில் கூலிவேலை செய்தார். எம்.ஏ. படித்த மனிதர், தோழர்களே! நம்மவர் நாலெழுத்துப் படித்துவிட்டால் மண்வெட்டியைத் தொட்டால் தீட்டென்கிறார்கள்.

1922-ல் நோயாய்க் கிடந்த கைக்குழந்தையை இராப்பகல் பார்த்த அவர் மனைவி இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்ஜ்டன் தொகுதி மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள்.

1923 ஜூனில் சிக்கனம் என்ற பெயரால் குழந்தை நலப் பணத்தைக் குறைத்த விஷயம் அங்கே விவாதத்துக்கு வந்தது. மாக்ஸ்டன் எழுந்து, இது கொலை, இதற்கு ஓட்டுக் கொடுத்தவர்கள் கொலைகாரர்கள் என்றார். சபையே கொதித்தது. வார்த்தையைத் திரும்ப வாங்கச் சொன்னார்கள், மறுத்தார். அவரையும் வீட்லி, ஸ்டீபன், புக்கானன் ஆகிய தோழர்களையும் சபையைவிட்டு விலக்கி வைத்தார்கள். பிள்ளை சாவது கனவான்களுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றவில்லை. அதைக் கொலை என்பதுதான் மரியாதைக் குறைவு!

அந்த வீட்லிதான் மறு வருஷமே சுகாதார மந்திரியாகி, ஏழைகளுக்கு வாடகை வீடு கட்டச் சட்டம் செய்தார். மாக்ஸ்டனோ மந்திரியாகவே இல்லை. 1946-ல் சாகும்வரை பிரிட்ஜ்டன் மக்கள் ஒவ்வொரு தேர்தலிலும் அவரையே அனுப்பிவந்தார்கள்.