அப்பாவின் நடை மாறியிருக்கிறதா?



தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் நம்மவர் முகத்தில் ஒரு கேலிச் சிரிப்பு வரும். "உன்னை அங்கேதான் அனுப்பணும்" என்று பள்ளிப் பிள்ளைகள்கூட சொல்வார்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் கடைத்தெருவும் பள்ளிகளும் தாமான் வீடுகளும் உள்ள சாதாரண ஊர்தான் அது. 1911இல் அங்கே மனநல மருத்துவமனை வந்தது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. மலாயில் பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் கேலி மாறவில்லை.

இந்தக் கேலிக்கு இன்று விலை கொடுப்பவர்கள் வயதானவர்கள். அப்பா ஒரே கேள்வியை மூன்று முறை கேட்கிறார். அம்மா அடுப்பை அணைக்க மறக்கிறார். டாக்டரிடம் கூட்டிப்போனால் 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று உறவினர் பேசுவார்களோ என்று பிள்ளைகள் மூடி மறைக்கிறார்கள். மலேசிய சுகாதார அமைச்சின் 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கக்கூடும். ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். எத்தனை வீடுகளில் மூடி மறைக்க முடியும்?

மறதியை மறைத்தாலும் நடையை மறைக்க முடியாது. நடப்பது கால்களின் வேலை மட்டுமல்ல. எங்கே அடி வைப்பது, எப்போது திரும்புவது, எதிரே வரும் மோட்டார் சைக்கிளுக்கு எப்படி ஒதுங்குவது என்று மூளை ஓயாமல் கணக்குப் போடுகிறது. நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் சில முதியவர்கள் நின்றுதான் பதில் சொல்வார்கள். அப்படி நிற்பவர்கள் பின்னாளில் விழும் வாய்ப்பு அதிகம் என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1997இல் லான்செட் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள்.

நியூயார்க்கில் பணியாற்றும் நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ் இதை இன்னும் விரிவாக ஆராய்ந்தார். அவருடைய குழு கேரளத்தின் கோழிக்கோட்டு முதியவர்களையும் ஆராய்ந்திருக்கிறது. 17 நாடுகளில் 26,802 பேரிடம் திரட்டிய விவரங்கள் 2014இல் வெளிவந்தன. மறதி பற்றிய குறையும் மெதுவான நடையும் சேர்ந்து இருந்தவர்கள், நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்றுக் குறைவு. மறதி நோய் வரும் ஆபத்து அவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

உடனே யாரும் பயந்துவிட வேண்டாம். முழங்கால் தேய்மானம், கண்ணில் புரை, நீரிழிவால் பாதம் மரத்துப்போவது, இவையும் நடையைத் தளர்த்தும். தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகள் நடையையும் நினைவையும் ஒருசேரக் குழப்பும்.

இன்னொன்றும் உண்டு, அதைத்தான் குடும்பத்தார் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மூளைக்குள் உள்ள அறைகளில் நீர் தேங்கும் ஒரு நோய். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடை இழுக்கும். சிறுநீர் அடக்க முடியாமல் போகும். மறதியும் வரும். தேங்கும் நீரை மெல்லிய குழாய் வைத்து வயிற்றுப் பக்கம் வடியவிட்டால் பலருக்கு நடை திரும்பிவிடுகிறது. காலம் தாழ்ந்தால் பலன் குறையும். சரிசெய்யக்கூடிய இந்த நோயைக்கூட, 'அங்கே' கூட்டிப்போகக் கூச்சப்பட்டு, வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

ஈப்போ சுற்றுவட்டாரத்தில் இன்று எழுபது வயதைத் தாண்டிய பலர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். விடியுமுன் எழுந்து நிரை நிரையாக மரம் சீவி, பால் வாளி சுமந்து நடந்த கால்கள். தோட்டம் போய் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு, "நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று பிள்ளைகள் அன்பாகவே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே தொலைக்காட்சி. (இந்த நிகழ்ச்சியையும் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள்!)

2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 120 முதியவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். வாரம் மூன்று நாள், 40 நிமிடம் விறுவிறுவென நடந்தவர்களுக்கு ஓராண்டில், நினைவைக் காக்கும் மூளைப்பகுதி 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. ஆனால் நோய் வந்த பிறகு உடற்பயிற்சி அதைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. 2018இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் மறதி நோயாளிகளுக்கு உடல் வலுப்பெற்றது, அறிவுத் தளர்ச்சி குறையவில்லை. ஆகவே முன்கூட்டியே நடக்க வேண்டும். வர்கீஸ் குழுவின் 2003 ஆய்வில், உடல் அசைவுள்ள பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதி நோய்க் குறைவோடு தொடர்புபட்டிருந்தது. தோட்டத்துக் கோவில் திருவிழாவில் கோலாட்டம் ஆடிய பாட்டிகளுக்கு இது புதுச் செய்தி அல்ல.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நாற்காலியில் இருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். விழாதபடி ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் கையோடு எடுத்துப் போங்கள். இரத்த அழுத்தம், இனிப்பு நீர், தைராய்டு, பி12, கண், காது எல்லாம் பார்க்கக் கேளுங்கள்.

முதலில் மாறியது நடையா, நினைவா? எந்த மாதத்தில் இருந்து? இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையிலும் அது தெரியாது, கூடவே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.