தழும்பு சிறிது, வலி பொய்யல்ல

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"நீதான் மயக்க மருந்து டாக்டராச்சே, எல்லாருக்கும் உபயோகப்படுற மாதிரி பத்து நிமிஷம் பேசு. ஆனா யாரையும் தூங்க வெச்சிடாதே" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கிறோம். ஒரு தொழிலாளி பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால், எத்தனை நாள் லீவு, எப்போது எடை தூக்கலாம் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் நீங்கள்தான். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

முன்பெல்லாம் பித்தப்பையை எடுக்க வலது விலா எலும்புக்குக் கீழே நீளமாகக் கீறித் திறப்பார்கள். 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற மருத்துவர், சிறு துளை வழியாகக் குழாய் செலுத்தி அதை எடுத்துக் காட்டினார். அவர் நாட்டு நிபுணர்களே முதலில் ஏற்கவில்லை. 1987-இல் பிரான்சில் பிலிப் மூரே செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்தியாவில் 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெகெம்டன் உத்வாடியா இதைத் தொடங்கினார். இன்று பித்தப்பை என்றால் லேப்ராஸ்கோப்பி என்றாகிவிட்டது.

பெரிய காயத்தின் வலி போனது உண்மை. ஆனால் அதோடு ஒரு தவறான எண்ணமும் வந்து சேர்ந்தது. "நாலே நாலு ஓட்டைதானே, என்ன பெரிய வலி?" என்று வீட்டிலும் கேட்கிறார்கள், ஷாப் ஃப்ளோரிலும் கேட்கிறார்கள். தழும்பு சின்னதாக இருப்பதால் வலியைச் சொல்பவன் நடிக்கிறான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது? மூன்று இடங்களிலிருந்து. முதலாவது, தோலிலும் தசையிலும் போட்ட துளைகள். பையை வெளியே எடுத்த துளை சற்று அதிகமாக வலிக்கும். இரண்டாவது, கல்லீரலை ஒட்டிப் பையைப் பிரித்தெடுத்த உள்காயம். மூன்றாவதுதான் எல்லோரையும் பயமுறுத்துவது: தோள்பட்டை வலி.

"வயித்துலதானே ஆபரேஷன் பண்ணீங்க, தோள் ஏன் சார் வலிக்குது?" என்று கேட்காத நோயாளி குறைவு. உள்ளே பார்க்க இடம் வேண்டுமே, அதற்காக வயிற்றில் கரியமில வாயுவைச் செலுத்தி உப்ப வைக்கிறோம். அது தீப்பிடிக்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். ஆனால் அது உதரவிதானத்தை இழுத்து உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. தோளின் நரம்பும் அதே இடத்தில்தான் கிளம்புகிறது. ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து இரண்டு லைன் போனால், கோளாறு எந்த லைனில் என்று கன்ட்ரோல் ரூம் தடுமாறும் அல்லவா? மூளையும் அப்படித்தான். மிச்ச வாயு கரையக் கரைய, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இது அடங்கிவிடும்.

இனி, குறைப்பது எப்படி? பாதி வேலை ஆபரேஷன் தியேட்டரிலேயே முடிய வேண்டும். வாயுவின் அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். இடம் தெளிவாகத் தெரிகிற நோயாளிகளுக்கு அதைவிடக் குறைத்தே செய்யலாம். தோள் வலி குறைகிறது. முடிக்கும்போது வால்வைத் திறந்து வைத்து, நாங்கள் நுரையீரலுக்குச் சில பெரிய மூச்சுகள் கொடுத்தால் மிச்ச வாயு வெளியே தள்ளப்படும். துளை போடும் இடங்களில் மரத்துப்போகும் ஊசி போடுவதும் பெரிய உதவி.

மருந்தில் இன்று உலகெங்கும் ஏற்றுக்கொண்ட முறை, வலி வருமுன் காப்பது. பாரசிட்டமால், அதோடு ஒத்துக்கொள்பவர்களுக்கு வீக்கம் குறைக்கும் வலிநிவாரணி, மயக்கத்தின்போது ஒருமுறை டெக்ஸாமெதசோன். இது வாந்தியையும் குறைக்கும். மார்ஃபின் வகை மருந்துகளை, இவ்வளவும் போதாதவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். அவற்றால் குமட்டல், கிறுகிறுப்பு, மலச்சிக்கல் வரும். வாந்தி எடுத்தால் வயிற்றுக் காயம் எப்படி வலிக்கும் என்று பட்டவர்களைக் கேளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு மீதிப் பாதி. முதல் இரண்டு மூன்று நாள், டாக்டர் எழுதிய மாத்திரையைக் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுங்கள். "வலி வந்தா பாத்துக்கலாம்" என்று விட்டால், ஏறிய வலியை இறக்குவது கஷ்டம். ஆனால் பெரியவர்களுக்கும் ஒரு நாளில் பாரசிட்டமால் 4 கிராமைத் தாண்டக்கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. பெயர் வேறாக இருக்கும், உள்ளே அதே மருந்து இருக்கும். அட்டையைப் படியுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே டைக்ளோஃபினாக் வாங்கிப் போடவே கூடாது.

அன்று மாலையே கொஞ்சம் நடக்கலாம். இருமும்போது வயிற்றில் தலையணையை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். மல்லாந்தபடி எழாமல், ஒருக்களித்துக் கையூன்றி எழுங்கள். முக்காமல் மலம் கழிய தண்ணீரும் கீரையும் பழமும் வேண்டும். தோளுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் இதமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். ஏறினாலோ, குளிர் காய்ச்சல், கண் மஞ்சள், நிற்காத வாந்தி, வயிறு உப்பல் இருந்தாலோ அன்றே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குத் திரும்புங்கள். பித்த நீர் கசிவாக இருக்கலாம். மூச்சுத் திணறலோ, வியர்வையோடு நெஞ்சு வலியோ வந்தால் "கேஸ்தான்" என்று உட்கார்ந்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நிறைவாக, என் வேண்டுகோள் இரண்டு. வீட்டில் அம்மாவோ மனைவியோ ஆபரேஷன் முடிந்து வந்தால், மறுநாளே தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடாதீர்கள். நம் பெண்கள் வலியைச் சொல்லவே மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது, தொழிற்சாலை நண்பர்களுக்கு. மேசை வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம். ஆனால் ரோலிங் மில்லில் கம்பி தூக்குபவரும், மூட்டை சுமப்பவரும் மூன்று நான்கு வாரமாவது பாரம் தூக்காமல் இருப்பது நல்லது. அவரவர் டாக்டர் சொல்லும் கணக்கே முடிவு. அவசரப்பட்டால் தொப்புள் துளையில் குடலிறக்கம் வந்து, இன்னொரு ஆபரேஷன் ஆகிவிடும். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்குத் தகுதி இருந்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகை உண்டு. அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு ஆள் போதும். அந்த வசதி இல்லாத கான்ட்ராக்ட் தொழிலாளி நாள்கூலி போய்விடுமே என்று நாலாம் நாளே பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நிற்பார். "வந்துட்டான்ல, அப்போ நல்லாத்தான் இருக்கான்" என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு மாதம் கேட் டியூட்டியோ ஸ்டோர் வேலையோ கொடுங்கள். எங்கள் எந்த ஊசியும் செய்யாத உதவி அது.

மாணவச் செல்வங்களே, நாளை இதே தொழிற்சாலைகளில் நீங்களும் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வருவீர்கள். அப்போது தழும்பின் நீளத்தை வைத்து ஒருவரின் வலியை அளக்காதீர்கள்.